லைப்ரரி வெப்சைட் டெஸ்டிங் – ஞாயித்துக்கிழமை வாங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க.

நம்ம யுனிவர்சிட்டி லைப்ரரி வெப்சைட்டை கண்ணு தெரியாத பசங்களால யூஸ் பண்ண முடியலீங்க. ஜூனியர் ஒருத்தரு என்விடிஏ (ஸ்க்ரீன்ல இருக்கறதைப் படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர்) போட்டுக் காட்டுனாரு, தேடுற பட்டன்ல போய் நின்னா வெறும் "பட்டன்"னு மட்டும் சொல்லுது, எதுக்கான பட்டன்னு இல்ல, பழைய கேள்வித்தாள் பிடிஎஃப் எல்லாம் போட்டோவா ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கறதால ஒரு எழுத்துகூட படிக்க மாட்டீங்குது. லாகின்ல படத்துல இருக்கற எழுத்தைப் பாத்து அடிக்கற கேப்சா வேற, அதுக்கு ஆடியோவும் கெடையாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலயே இருக்கற விஷயம்தானுங்க, நாம சலுகை ஒண்ணும் கேக்கல.

லிஸ்ட் குடுத்தா சரி பண்றோம்னு லைப்ரரியன் மேடம் சொல்லிட்டாங்க. அதனால வர்ற ஞாயிறு காலைல 10 மணிக்கு சிங்காநல்லூர்ல நம்ம செயலாளர் வீட்டு மாடி.

1. லேப்டாப் கொண்டாங்க. என்விடிஏ ஃப்ரீதான், வீட்லயே இன்ஸ்டால் பண்ணிருங்க, அங்க வந்து எல்லாரும் ஒரே வைஃபைய இழுத்தா வேலை நடக்காதுங்க.
2. போன்காரங்க டாக்பேக் (ஆண்ட்ராய்டு போன்ல இதே மாதிரி படிச்சுச் சொல்றது) பழகிக்கோங்க. ஆஃப் பண்ற வழிய மொதல்ல தெரிஞ்சுக்கோணும், ஆன் ஆயிட்டா எதைத் திறக்கவும் ரெண்டு தட்டு தட்டோணும்.
3. மவுஸைத் தொடாம டேப் கீ, என்டர் கீ வெச்சே ஒரு புஸ்தகம் தேடி ரினியூவல் வரைக்கும் போய்ப் பாருங்க. மாட்டுற எடத்துல ஸ்க்ரீன்ஷாட்.
4. ஓசிஆர் (போட்டோல இருக்கற எழுத்தை டெக்ஸ்ட்டா மாத்தறது) தெரிஞ்சவங்க கட்டாயம் வாங்க, டெசராக்ட்ங்கற ஓசிஆர் சாஃப்ட்வேர்ல தமிழும் வருது.

வர்றவங்க வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள பேரு போடுங்க. கட்டைவெரல் மட்டும் போட்டா டீ, பப்ஸ் கணக்குல வராதுங்க. அதுவரைக்கும் குட்மார்னிங் படம் வேண்டாமுங்க, மெசேஜ் மேல போயிருது.