‘டை அலர்ஜி’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சி.டி. ஸ்கேனுக்கு வருகிறவர்களின் பழைய சீட்டில் ‘டை அலர்ஜி’ என்று இரண்டே சொல் இருப்பதைப் பார்க்கிறோம். படத்தில் ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்காக நரம்பில் ஏற்றும் அயோடின் கலந்த மருந்தைத்தான் டை என்கிறோம். எந்த மருந்து, எத்தனை மில்லி, ஊசி போட்டு எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது என்ற விவரம் எதுவும் இருக்காது. அதைப் பார்த்ததும் அடுத்த இடத்தில் டை போடவே தயங்கி, டை இல்லாத பிளைன் ஸ்கேன் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவருக்கு அந்தப் படத்தால் பலன் இல்லை.

முதலில், எது ஒவ்வாமை இல்லை என்பது தெரிய வேண்டும். டை ஏறும்போது உடம்பெல்லாம் குப்பென்று சூடு பரவும்; வாயில் இரும்பை நக்கியது போல இருக்கும்; சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். சிலருக்கு ஒரு முறை வாந்தி வரும். இதெல்லாம் அந்த மருந்தின் இயல்பு. ஊசி விலகி, மருந்து தோலுக்கடியில் இறங்கிக் கை வீங்குவதும் ஒவ்வாமை அல்ல.

மயக்கத்தில்தான் குழப்பம் அதிகம். காலையிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருந்தவர் பயத்தில் மயங்கினால், தோல் வெளுத்துச் சில்லிட்டிருக்கும், நாடி பெரும்பாலும் 60க்குக் கீழே போய்விடும். காலை உயர்த்திப் படுக்கவைத்து சலைன் ஏற்றினால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். ஒவ்வாமை அதிர்ச்சியில், அதாவது ஒவ்வாமையால் ரத்த அழுத்தம் திடீரென்று சரியும்போது, நாடி பெரும்பாலும் 100ஐத் தாண்டி ஓடும். தடிப்பு, உதடும் இமையும் வீங்குவது, குரல் கம்முவது, இளைப்பு என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் கூடவே வரும். தோலில் எதுவும் தெரியாமலேயே அழுத்தம் சரிவதும் உண்டு. அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடி வேகமெடுக்காமலே இருக்கலாம். அதனால் அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்துகொள்ளாமல் நாடியை மட்டும் நம்பக்கூடாது.

அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால், ஒரு மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள அட்ரினலின் ஆம்பியூலிலிருந்து பெரியவருக்கு அரை மில்லியை உடனே தொடையின் வெளிப்புறச் சதையில் போட வேண்டும். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொரு முறை. ஏவில், ஹைட்ரோகார்ட்டிசோன் ஆகிய ஒவ்வாமை ஊசிகள் அதற்குப் பிறகுதான். தொண்டை அடைப்பை அவை உடனே நிறுத்தாது.

ஆள் தேறியதும் எல்லோரும் மறந்துவிடும் வேலை ஒன்று உண்டு. அறிகுறி தொடங்கி 1 முதல் 2 மணி நேரத்துக்குள், மிஞ்சினால் 4 மணி நேரத்துக்குள், ஒவ்வாமை அதிர்ச்சியின்போது ரத்தத்தில் கூடும் டிரிப்டேஸ் என்ற பொருளின் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, குழாயில் நேரத்தை எழுத வேண்டும். 24 மணி நேரம் கழித்து இன்னொன்று எடுக்க வேண்டும், அதுதான் அவருடைய சாதாரண அளவு. அதை 1.2ஆல் பெருக்கி 2ஐக் கூட்டுங்கள். சாதாரண அளவு 5 என்றால், முதல் ரத்தத்தில் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒவ்வாமை அதிர்ச்சிக்கு வலுவான சான்று. குறைவாக இருந்தால் ஒவ்வாமையே இல்லை என்று அர்த்தமாகாது. இங்கே இந்தப் பரிசோதனை இல்லாவிட்டாலும், சீரத்தைப் பிரித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பலாம்.

அடுத்தது தோல் பரிசோதனை. ஒவ்வாமை வந்து 1 முதல் 6 மாதத்துக்குள் செய்வது நல்லது. டை மருந்தை அப்படியே ஒரு சொட்டு தோலில் வைத்துக் குத்திப் பார்ப்பார்கள். பிறகு பத்தில் ஒன்றாக நீர்க்கவைத்து 0.02 முதல் 0.05 மில்லி வரை தோலுக்குள் ஏற்றி 20 நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். ஐயோஹெக்சால் என்ற டைக்குத் தடித்தால், வேறொரு டையையும் அதே முறையில் சோதித்து, தடிக்காததைத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்கேனுக்குச் சற்று முன் நரம்பில் 1 மில்லி ஏற்றும் ‘டெஸ்ட் டோஸ்’ வேறு. அதை நம்பாதீர்கள். ஒன்றும் ஆகவில்லை என்று முழு அளவையும் ஏற்றிய பிறகு அதிர்ச்சி வரலாம். அந்த 1 மில்லிக்கே வரவும் செய்யலாம்.

‘மீன், இறால் ஒத்துக்குமா?’ என்ற கேள்வியும் இன்னும் ஓயவில்லை. ஒகேனக்கல் மீன் வறுவல் ஒத்துக்கொள்ளாதவருக்கும் டை போடலாம். இறால் அலர்ஜிக்குக் காரணம் அதன் சதையிலுள்ள டிரோப்போமயோசின் என்ற புரதம், அயோடின் அல்ல. கேட்க வேண்டியது, முன்பு டை போட்டபோது என்ன ஆனது, ஆஸ்துமா உண்டா, வேறு மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிற்றா என்பதுதான்.

ஸ்கேன் முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதும் ஆபத்து. மோசமான ஒவ்வாமை பெரும்பாலும் முதல் 20 நிமிடத்துக்குள் வந்துவிடும். சேலத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டுத் தொப்பூர் கணவாயில் பஸ்ஸில் இருக்கும்போது மூச்சு திணறினால் பக்கத்தில் யார் இருப்பார்கள்? கையில் வென்ஃப்ளானோடு (நரம்பில் செருகிய ஊசிக்குழாய்) அரை மணி நேரம் உட்காரவைத்துத்தான் அனுப்ப வேண்டும். 1 மணி நேரத்திலிருந்து ஒரு வாரம் வரை தாமதித்து வரும் ஒவ்வாமையும் உண்டு. மார்பிலும் முதுகிலும் சிவந்து பொரிப்பொரியாக வரும். அதை அம்மை என்று நினைத்து வேப்பிலையோடு இருந்துவிடுகிறார்கள். ஸ்கேன் எடுத்ததையே டாக்டரிடம் சொல்வதில்லை. தோல் உரிந்தாலோ, வாய் புண்ணானாலோ, காய்ச்சல் வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

ஸ்கேன் மையங்களிடம் கேட்பது ஒன்றுதான். படம் வைத்துத் தரும் உறையின் மேலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள். ‘ஐயோஹெக்சால் 350, 80 மில்லி, 4ஆம் நிமிடம் உடலெங்கும் தடிப்பு, நாடி 118, அழுத்தம் 84/50, அட்ரினலின் ஒரு முறை’ என்ற அளவுக்கு இருந்தால் போதும், அடுத்த டாக்டர் அதை வைத்து வேறு மருந்தைத் தேர்ந்தெடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
கதிரியக்கப் பிரிவில் பணிபுரியும் வாசகர்கள்,
தருமபுரி.