கவிழ்ந்து காட்டிய அக்காவுக்கும், மற்ற எல்லாருக்கும்

கிளப் நண்பர்களுக்கு வணக்கம்.

துடுப்புப் போடும் ஒடுக்கமான சிறு படகான கயாக்கில் நாம் கடலில் போன அன்று, நிலம் கடலுக்குள் நீண்டிருக்கும் அந்த முனையில் நான் அலையில் சிக்கியதும், நீங்கள் மீட்டுக் கரைசேர்த்ததும் உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் உடன் இருந்தீர்கள். மீதிப் பேருக்கு அன்று இரவே செய்தி வந்து சேர்ந்திருக்கும். அதனால் அதை மறுபடி எழுதப்போவதில்லை. தோள் நன்றாக இருக்கிறது. சாப்பிடுகிறேன். தூக்கம்தான் இன்னும் முழுசாக வரவில்லை, படுத்தால் கட்டில் ஆடுகிறது. விசாரித்த எல்லாருக்கும் இதுவே பதில். நன்றியை ஆறப்போட்டால் அது வெறும் மரியாதையாகிவிடும் என்று பயந்து இப்போதே எழுத உட்கார்ந்துவிட்டேன். முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கயிறு கட்டி இழுத்து வந்த அண்ணனுக்கு. இழுவைக் கயிறு எதற்கு 15 மீட்டர் நீளம் என்று ஒரு பயிற்சியில் நான் கேட்டதற்கு, "பின்னாலிருந்து அலை தூக்கும்போது நீ என் முதுகில் ஏறாமல் இருக்கத்தான்" என்று சிரித்தீர்கள். அன்று ஒவ்வொரு அலையிலும் என் கயாக் உங்களை நோக்கி வழுக்கிப் போய், கயிறு தளர்ந்து, மறுபடி விறைத்தபோது அந்தப் பதிலின் அருமை புரிந்தது. அப்புறம், என் பக்கத்தில் தன் கயாக்கை ஒட்டிக்கொண்டு, என் டெக்கின் (கயாக்கின் மேல்தளம்) மேல் பாதி உடம்பைச் சாய்த்துப் பிடித்தபடி கூடவே வந்தவருக்கு. இரண்டு கயாக்குகள் ஒட்டியிருந்தால் எளிதில் கவிழாது என்பதை எல்லாரும் படித்திருக்கிறோம். அந்த நிலையில் முதுகை நிமிர்த்தாமல் அவ்வளவு தூரம் வருவது எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. உங்கள் இடுப்பு இப்போது எப்படி இருக்கிறது?

ரேடியோவில் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சானலைப் பிடித்துப் பேசியவருக்கு. "மேடே" என்று கத்தாமல் "பான்-பான்" என்று தொடங்கினீர்கள். உயிர் போகிற ஆபத்தா, உதவி தேவைப்படுகிற அவசரமா என்று அந்த நேரத்திலும் பிரித்துப் பார்க்க நிதானமான தலை வேண்டும். கரை சேர்ந்ததும் மறக்காமல் திரும்பக் கூப்பிட்டு, எல்லாரும் பத்திரம், யாரும் தேடி வர வேண்டாம் என்று சொன்னதும் நீங்கள்தான். தூரத்தில் வேகத்தைக் குறைத்து நின்ற விசைப்படகுக்காரர்கள் இதைப் படிக்கப்போவதில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன். நெருங்கி வந்திருந்தால் உங்கள் படகு எழுப்பும் அலையே எங்களைப் புரட்டியிருக்கும். தள்ளி நின்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தீர்கள். அதுவே போதுமாக இருந்தது.

எல்லாரையும் முனையின் மறைவுக்கு அழைத்துப்போய்க் காத்திருக்கச் சொன்ன தலைவருக்குத் தனியாக ஒரு நன்றி. ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும்போது ஓடும் நீர், ஒரு திசையில் ஓட, காற்று எதிர்த்திசையில் அடித்தால் அலைகள் நெருங்கி, செங்குத்தாக எழும்பும். அன்று அது உச்சத்தில் இருந்தது. ஏறக்குறைய 6 மணி நேர ஏற்றத்தில் பாதி நீர் நடுவிலுள்ள 2 மணி நேரத்தில் நகர்ந்துவிடுகிறது என்ற பன்னிரண்டு பங்குக் கணக்கை நீங்கள் கரும்பலகையில் போட்டபோது, அதைத் தேர்வுக்குப் படிப்பவன் மாதிரி எழுதிக்கொண்டேன். அன்று நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இப்போ வேண்டாம், ஓட்டம் தணியட்டும்" என்றபோதுதான் அந்தக் கணக்கு எதற்கு என்று தெரிந்தது. பயணம் எனக்காகப் பாதியில் நின்றது. விடுமுறை போட்டு வந்திருந்தவர்கள்கூட ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. உலர்ந்த உடை கொடுத்தவர்கள், சூடாக எதையோ கையில் திணித்தவர்கள், என் கயாக்கில் நிறைந்த நீரை இறைத்துத் தள்ளியவர்கள், ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்: உங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் நன்றி சொல்வது நியாயமில்லை. ஆனாலும் சொல்லிவிட்டு நகர்கிறேன், ஏனென்றால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே வேறொரு காரியத்துக்காக. உங்களில் பலர் அதைப் பார்க்கவில்லை. சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அந்தச் சின்னக் குடாவில் கரையேறி, உடை மாற்றி, உடம்பு சூடாகிவிட்டது. பயணத்தின் மிச்சத்தைச் சாலை வழியாக முடித்துக்கொள்கிறேன், கயாக்கை வண்டியில் ஏற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் உடனே சரி என்றார்கள். ஒருவரும் வற்புறுத்தவில்லை, அது பெரிய மனசு. ஆனால் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பரிவு இருந்தது. அந்தப் பரிவுதான் என்னைப் போட்டு அழுத்தியது. காலையில் கூட்டத்தில் ஒருவனாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவன், மத்தியானம் காப்பாற்றப்பட்டவனாக ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். இனி கிளப்புக்கு வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

அப்போது அந்த அக்கா எழுந்தார். (பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.) அவர் அன்று முழுக்கக் கவிழவே இல்லை. ஈர உடையைக் கழற்றிவிட்டு, உலர்ந்ததை உடுத்தி, தலையைக்கூடத் துவட்டி முடித்திருந்தார். நேராகப் போய்ப் பாறையில் விரித்திருந்த தன் வெட்சூட்டை (உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை) எடுத்து மறுபடி போட ஆரம்பித்தார். ஈர வெட்சூட்டை இரண்டாம் முறை போட்டவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும். துடைத்த உடம்பில் அது ஏறவே ஏறாது. ஏறினால் முதுகுத்தண்டு வழியாகச் சில்லென்று இறங்கும்.

"தம்பி, என் ஸ்ப்ரே ஸ்கர்ட் எங்கேயோ கசியுது. கொஞ்சம் கூட வந்து பாரு. எனக்குக் குனிஞ்சா தெரியல" என்றார்.

உட்காரும் குழிக்குள் நீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் பாவாடைதான் அது. சாமான் சரிபார்க்கும் வேலைதானே என்று என் கயாக்கில் ஏறிப் போனேன். குடாவுக்குள் காற்றில்லை, நீர் அசையாமல் கிடந்தது. அவர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். ஆழம் வந்ததும் நின்றார், என்னைத் திரும்பிப் பார்த்தார், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்துவிட்டார்.

அந்த அக்கா ரோல் போட்டு, அதாவது கவிழ்ந்த கயாக்கைவிட்டு வெளியே வராமலே புரண்டு, எழுவதைக் கிளப்பில் பார்க்காதவர்கள் கிடையாது. துடுப்பைப் பிடுங்கிக்கொண்டால் வெறுங்கையாலும் எழுவார். ஆகவே நான் காத்திருந்தேன். கயாக்கின் அடிப்பாகம் மட்டும் வெளியே மினுங்கிக்கொண்டிருந்தது. எழவில்லை. ஸ்கர்ட்டின் முன்பட்டையை இழுத்துக் கழற்றிக்கொண்டு, பக்கத்தில் தலையை நீட்டி, வாயிலிருந்த உப்புநீரைத் துப்பினார்.

"என்ன பாத்துக்கிட்டு இருக்க? தண்ணிக்குள்ள ஆள் இருக்கேன்ல?"

யோசிப்பதற்கு முன்னால் கை வேலை செய்துவிட்டது. அவருடைய கயாக்கின் மூக்குக்குக் குறுக்கே என்னுடையதைக் கொண்டுபோய் நிறுத்தினேன். "அக்கா, கயிற்ற விடாதீங்க! வால் பக்கம் போய் அமுக்குங்க!" என்று கத்தினேன். காலையிலிருந்து எனக்கு வெளியே வராத குரல் அது. கற்றுக்கொடுத்தவருக்கே கட்டளை போடுகிறோமே என்றுகூடத் தோன்றவில்லை. அவரும் நேற்றுச் சேர்ந்தவர் மாதிரி சொன்னதை அப்படியே செய்தார். மூக்கை என் டெக்கின் மேல் இழுத்துப் போட்டேன். இருக்கைக்கு உடனே பின்னால் தடுப்புச் சுவர் இருப்பதால், கவிழ்ந்த கயாக்கின் மூக்கைத் தூக்கினால் காக்பிட்டில், அதாவது உட்காரும் குழியில், நின்ற நீர் தானாக வடிந்துவிடும். வடிந்தது. நிமிர்த்தி, நழுவவிட்டு, என் மூக்கும் அவர் வாலும் ஒரே பக்கம் இருக்கும்படி ஒட்டவைத்து, அவர் காக்பிட் விளிம்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் காலை உதைத்து, பின்டெக்கில் குப்புறப் படுத்து, கால்களை உள்ளே விட்டுத் திரும்பி உட்கார்ந்தார். ஸ்கர்ட்டை மாட்டும்வரை விடாமல் பிடித்திருந்தேன். "துடுப்பு போகுது பாரு" என்றார். பிடித்துக் கொடுத்தேன்.

"சரி, இன்னொரு தடவை."

இரண்டாவது தடவை நின்ற நீரில் இல்லை. குடாவின் வாய்க்குப் போனோம். அங்கே வெளியலையின் மிச்சம் பாறையில் மோதித் திரும்பி, வரும் அலையோடு கலந்து, திசையே இல்லாமல் குதித்துக்கொண்டிருந்தது. பெரிதொன்றும் இல்லை, ஆனால் முனையில் நான் கண்டதன் குட்டி வடிவம். அதை அவர் தெரிந்துதான் தேர்ந்தெடுத்தார். அங்கேயும் கவிழ்ந்தார். அங்கேயும் தூக்கினேன். தைரியம் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. "முழங்கை தோளுக்கு மேல போகக்கூடாது, தோள் கழண்டுடும்" என்பது மட்டும்தான் அவர் சொன்ன அறிவுரை. திரும்பும்போது, "கசிவு இருந்துச்சா அக்கா?" என்று கேட்டேன். "நிறையவே இருக்கு" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

என்னை ஏற்றிப்போக வந்த வண்டி காலியாகத் திரும்பியது உங்களுக்கு நினைவிருக்கும். ஓட்டம் தணிந்ததும் உங்களோடு நானும் துடுப்புப் போட்டே வந்தேன். ஏன் மனம் மாறினேன் என்று சிலர் கேட்டீர்கள். இதுதான் காரணம். வழியில் ஒன்றைக் கவனித்தேன். காலையில் பயத்தில் இடுப்பு இறுகிப்போயிருந்தது. இடுப்பு இறுகினால் கயாக்கின் ஒவ்வொரு ஆட்டமும் தலை வரைக்கும் ஏறிக் கவிழ்க்கப் பார்க்கும். சாயங்காலம் கயாக் அடியில் தன்பாட்டுக்கு ஆட, மேலுடம்பு நிமிர்ந்தே இருந்தது. இதைப் பயிற்சியில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதைப் புரியவைத்தது குடாவின் வாயில் வந்த அந்தச் சிரிப்பு.

நம் கிளப்பில் ரோலுக்குக் கொடுக்கிற மதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். கிரீன்லாந்தின் வேட்டைக்காரர்களுக்கு ரோல் உயிர்ப் பிரச்சினை. துயிலிக் என்ற மேலாடையைக் காக்பிட் விளிம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உறைபனிக் கடலில் போனவர்கள் அவர்கள். கவிழ்ந்தால் வெளியே வருவது அவர்களுக்கு வழியே அல்ல. நாம் கூட்டமாகப் போகிறவர்கள். நம்மிடம் ரோல் போட்டால் கைதட்டுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். இன்னொருவரை நீரிலிருந்து எடுத்து உட்காரவைப்பதை யாரும் படம் எடுப்பதில்லை, ஏனென்றால் எடுக்க வேண்டியவரின் இரண்டு கையும் அப்போது விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். நானும் ரோல் கற்றுக்கொள்ளத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த மீட்பு என் இரண்டு பக்கமும், ஓடுகிற நீரிலும், கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்குக் கைக்கு வர வேண்டும். இடுப்பில் கட்டும் இழுவைக் கயிறு ஒன்றும் சொந்தமாக வாங்கப்போகிறேன். அதை எனக்காகத்தான் என்று இல்லாமல், இன்னொருவருக்காகச் சுமக்கும் நாள் வரும் என்று இப்போது நம்பிக்கை இருக்கிறது.

அக்கா, நீங்கள் செய்ததை உதவி என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். கரையில் எல்லாரும் எனக்கு ஏதாவது கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் மட்டும்தான் என்னிடம் ஒன்றைக் கேட்டீர்கள். உலர்ந்த தலையை மறுபடி நனைத்துக்கொண்டு கேட்டீர்கள்.

பயிற்சிப் பொறுப்பாளருக்கு ஒரு வேண்டுகோள். புதியவர்களுக்கு மீட்பு கற்றுக்கொடுக்கும் நாட்களில் கவிழ்வதற்கு ஆள் கிடைப்பதில்லை என்று எப்போதும் புலம்புவீர்கள். இந்தப் பருவம் முழுக்க அந்தப் பட்டியலில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் கவிழ்கிறேன், துடுப்பையும் ஒழுங்காகத் தொலைக்கிறேன்.

இரவல் கொடுத்த உடைகளைத் துவைத்து வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன். அதில் ஒரு கம்பளிக் குல்லா மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. உரியவர் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்