பரிசோதனை அறிக்கை வந்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் டிரில் பிட் ஹோல்டருக்குக் காப்புரிமை கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்தைப் பார்த்து, காப்புரிமை அலுவலக அதிகாரி அனுப்பிய முதல் பரிசோதனை அறிக்கையை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். "எல்லாத்தையும் இல்லைன்னு சொல்லிட்டாங்கண்ணே" என்று போனில் நீ சொன்ன குரல் இன்னும் காதிலேயே நிற்கிறது. உன் விண்ணப்பம் 18 மாதம் முடிந்து காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகிவிட்டதால் இனி அதில் ரகசியம் ஏதுமில்லை. அதனால் இதை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். பட்டறையில் நின்று புதிதாக ஒன்றைச் செய்துவிட்டு, இப்படி ஓர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் கெடுபவர்கள் உன்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள்.

ஆட்சேபம் இல்லாமல் வருகிற முதல் அறிக்கை அபூர்வம். அதிகாரி கேட்டிருக்கிறார், நாம் பதில் சொல்ல வேண்டும். அறிக்கைத் தேதியிலிருந்து 6 மாதம் இருக்கிறது. பதிலும் போடாமல், நீட்டிப்பும் கேட்காமல் விட்டால்தான் விண்ணப்பத்தை நீயே கைவிட்டதாக ஆகிவிடும். சென்னை கிண்டி அலுவலகத்தில் கொடுத்ததை டெல்லியில் இருப்பவர் ஏன் பார்க்கிறார் என்று கேட்டாய். இப்போது எந்த ஊரில் கொடுத்தாலும் கணினி பிரித்துக் கொடுக்கிற அதிகாரிதான் பார்ப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் முதல் கிளைமை, அதாவது 'இதுதான் என் கண்டுபிடிப்பு' என்று உரிமை கேட்கிற வாசகத்தை, நீயே வாய்விட்டுப் படித்துப் பார். ஆறு பக்க ஓட்டை உள்ள உடம்பு, பக்கவாட்டுத் துளையில் ஓர் இரும்புக் குண்டு, மேலே நகர்கிற உறையாக ஸ்லீவ், ஸ்லீவைத் தள்ள ஒரு ஸ்பிரிங். 6.35 மில்லிமீட்டர் பிட்டின் கழுத்துப் பள்ளத்தில் குண்டு உட்கார்ந்து பிடிக்கிறது. ஸ்லீவை இழுத்தால் குண்டு விலகி பிட் கழன்று வருகிறது. தம்பி, இது கடையில் வாங்குகிற பல ஹோல்டர்களில் இருக்கிறது. உலகக் காப்புரிமை வகைப்பாட்டில் ஸ்க்ரூடிரைவர் பாகங்களுக்கு பி25பி 23, பிட்டைக் கவ்விப் பிடிக்கிற சக்குகளுக்கு பி23பி 31 என்று தனித்தனி அறைகள் உண்டு. குண்டு வைத்துப் பிடிக்கிற சக்குக்கென்றே அதற்குள் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதிகாரி அங்கே தேடினார், அறிக்கையில் டி1 என்று குறித்திருக்கிற பழைய ஆவணம் கிடைத்தது.

அவர் காட்டிய இரண்டாவது பழைய ஆவணம், டி2-தான் உன்னைக் கோபப்படுத்தியது என்று தெரியும். "இது காற்றுக் குழாய் கப்ளிங்ண்ணே, இதுக்கும் நம்ம டிரில்லுக்கும் என்ன சம்பந்தம்?" சம்பந்தம் இருக்கிறது. உன் கம்ப்ரசர் குழாயை எடுத்துப் பார்: அதே குண்டு, அதே ஸ்லீவ். பிட் வெளியே வந்த பிறகு ஸ்லீவ் பின்னாலேயே நின்று, அடுத்த பிட்டைச் செருகியதும் 'டக்' என்று முன்னால் வருகிறதே, ஒரு கையால் மாற்றலாம் என்று நீ பெருமைப்பட்ட விஷயம், அதுவும் சில கப்ளிங்குகளில் அப்படியே உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நல்ல ஃபிட்டருக்குத் தோன்றாதா என்று அவர் கேட்கிறார். இந்தக் கேள்வி நியாயமானது.

ஆனால் நீ கண்டுபிடித்தது அதுவல்ல. போன வருடம் நீ காட்டிய ஹோல்டரை நான் மறக்கவில்லை. ஃபால்ஸ் சீலிங் வேலையிலிருந்து வந்தது. மேலே பார்த்துத் துளைக்கும்போது ஜிப்சம் தூள் நேராக அதன் மேலேயே கொட்டி, ஸ்லீவுக்கும் உடம்புக்கும் நடுவில் மாவு போல இறுகி, இரண்டு கையால் முறுக்கினாலும் நகரவில்லை. அதற்காக நீ ஸ்லீவில் சாய்வாக மூன்று வெட்டு போட்டாய். பிட் மாற்ற ஸ்லீவை இழுக்கும்போதெல்லாம் வெட்டின் ஓரம் தூளைச் சுரண்டி அந்த வழியாகவே வெளியே தள்ளுகிறது. விண்ணப்பத்தில் இது ஒன்பதாம் பக்கத்தில் ஒரே ஒரு பத்தி. கிளைமில் ஒரு வார்த்தைகூட இல்லை! எழுதித் தந்தவர் கிளைம் அகலமாக இருந்தால் நல்லது என்று நினைத்திருப்பார். அகலமாக இருந்ததால்தான் பழையதெல்லாம் அதற்குள் வந்து விழுந்தது. எனக்கு இதில்தான் மனசு ஆறவில்லை.

அதைக் கிளைமுக்குள் கொண்டுவர முடியும். திருத்தத்துக்குக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 59 இடம் தருகிறது. சேர்ப்பது முதலில் எழுதிக் கொடுத்ததில் இருக்க வேண்டும், புதிய கிளைம் பழைய கிளைமின் எல்லைக்குள் அடங்க வேண்டும். நம்முடையதில் இரண்டும் சரியாக இருக்கிறது. அந்த ஒரு பத்தி இல்லாமல் போயிருந்தால் இன்று ஒன்றும் செய்திருக்க முடியாது.

அடுத்து என்ன கேட்பார் என்றும் யோசித்துவிட்டேன். ஹேமர் டிரில்லில் வருகிற எஸ்டிஎஸ் சக், 1975-ல் பாஷ் கொண்டுவந்தது, அதன் வாயில் ரப்பர் மூடி இருக்கிறதே, தூசியைச் சமாளிக்க வழி ஏற்கெனவே உண்டே என்பார். அது தூளை உள்ளே விடாமல் தடுக்கிற மூடி. உன்னுடையது உள்ளே போன தூளை வெளியேற்றுகிறது. இந்த வித்தியாசத்தை படத்தோடு காட்ட வேண்டும்.

அறிக்கையில் இருக்கிற பிரிவு 3(எஃப்) ஆட்சேபத்துக்கும் அந்த வெட்டுதான் பதில். தெரிந்த பாகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது அந்தப் பிரிவு. உன் ஹோல்டரில் பிட்டை விடுவிக்கிற அசைவேதான் தூளையும் சுரண்டுகிறது. ஒன்றை விட்டு ஒன்று வேலை செய்யாது.

உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் பாத்திரத் தொழிலில் வந்த ஒரு காப்புரிமை வழக்கையும் உனக்குச் சொல்லியாக வேண்டும். பாத்திரத்தை லேத்தில் பிடித்துக் கடையும்போது அது தெறித்துத் தொழிலாளி மேல் விழும் ஆபத்து இருந்தது. பின்பக்கமிருந்து அழுத்திப் பிடிக்கிற ஓர் அமைப்புக்கு 1951-லிருந்து செல்லும்படி காப்புரிமை வாங்கினார்கள். வேலை வேகமானது, பாதுகாப்பும் வந்தது. ஆனாலும் 1978-ல் உச்ச நீதிமன்றம், விஸ்வநாத் பிரசாத் வழக்கில், இது பழைய முறையில் செய்த பட்டறைத் திருத்தம்தான் என்று சொல்லி அந்தக் காப்புரிமை ரத்து என்று தீர்ப்பளித்தது. உபயோகமாக இருப்பது மட்டும் போதாது. அதனால் 'சுலபம்', 'வேகம்' என்று பதிலில் எழுத மாட்டேன். வெட்டு ஏன் சாய்வாக இருக்க வேண்டும், நேராகப் போட்டால் என்ன ஆகிறது என்று எழுதப் போகிறேன்.

நேர் வெட்டு போட்டுப் பார்த்து அதுவும் அடைத்துக்கொண்டது என்று ஒருநாள் சொன்னாய். அந்த நோட்டு இருக்கிறதா? தேதி போட்டு எழுதியிருந்தால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது அதைக் கொண்டு வா. அந்தத் தூள் இறுகின பழைய ஸ்லீவையும் கழுவாமல் அப்படியே எடுத்து வா; போட்டோ எடுக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்