மூடியில் இருப்பது விற்றவர் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

பரணிலிருந்து இறக்கிய ஆறு பக்கக் கான்சர்டினா (துருத்தியை இழுத்துத் தள்ளி, இரு பக்கப் பட்டன்களை அமுக்கி வாசிக்கும் கைவாத்தியம்) ஒன்றின் படத்தோடு, 'இது எந்த ஊர்ச் சரக்கு, யார் செய்தது?' என்று வாசகர் ஒருவர் ஞாயிறு இணைப்பில் கேட்டிருந்தார். மூடியில் மவுண்ட் ரோடு கடையின் பெயர் இருப்பதால் சென்னையிலேயே செய்ததாக இருக்கலாம் என்று அடுத்த வாரம் பதிலும் வந்தது. அப்படிச் சொல்லிவிட முடியாது. வாத்தியத்தை வாங்கி விற்கும் கடை தன் பெயரைப் பொறிப்பது லண்டனிலேயே சர்வ சாதாரணம். (கான்சர்டினா என்றால் இன்று பலருக்கு மதில் மேல் சுருட்டிவிடும் முள்கம்பிதான் தெரியும். துருத்தி போல விரிவதால் கம்பிக்கு வந்த பெயர் அது.)

திறப்பதற்கு முன் ஒரு சோதனை. ஒரே பட்டனை அமுக்கியபடி துருத்தியை மெல்ல இழுங்கள், பிறகு தள்ளுங்கள். சுரம் மாறினால் ஜெர்மன் வகை, அல்லது அதே முறையில் இங்கிலாந்தில் செய்த ஆங்கிலோ வகை. 1834-ல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் ஊலிக் என்பவர் செய்த பெட்டியின் வம்சம். மாறாவிட்டால் இங்கிலீஷ் வகை, அல்லது இடக்கைக்குக் கீழ்ச் சுரங்களும் வலக்கைக்கு மேல் சுரங்களும் பிரித்த டூயட் வகை. கட்டைவிரலுக்கு வளையமும் சுண்டுவிரலுக்குத் தகடும் இருந்தால் சார்லஸ் வீட்ஸ்டன் வகுத்த இங்கிலீஷ். கையை நுழைக்கத் தோல்வார் இருந்தால் டூயட். துருத்தி காய்ந்து விறைத்திருந்தால் பட்டனை அமுக்காமல் இழுக்கவே கூடாது, மூலைத் தோல் கிழிந்துவிடும்.

படத்தில் தெரிவது தோல்வார், பக்கத்துக்கு 5 நிரைப் பட்டன். இரு திசையிலும் ஒரே சுரம் வந்தால் அது 1896-ல் பட்டர்வொர்த் காப்புரிமை பெற்ற 'க்ரேன்' டூயட்டாகத்தான் இருக்கும். க்ரேன் என்பதும் ஒரு கடையின் பெயரே! இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பு) இதே வகையை 'ட்ரையம்ப்' என்ற பெயரில் பயன்படுத்தியது. ஆகவே சபை வழியாக இங்கே வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் காப்புரிமை ஒருவருடையது, கைவேலை வேறொருவருடையது. இந்த வகையை லண்டன் தயாரிப்பாளர்களான லாஷனால், வீட்ஸ்டன், க்ராப் மூவருமே செய்தார்கள். யாருடையது என்று பார்க்க உள்ளே போக வேண்டும்.

மூடிக்கு 6 நீளத் திருகுகள். காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லையென்றால் தொடாதீர்கள். வழுக்கினால் தலை தேய்ந்து, பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்தி, எடுத்த திருகை அட்டையில் அதே வரிசையில் குத்தி வையுங்கள். மூடி வந்ததும் ரீடுகள் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்குகள்) பொருத்திய ரீடு பலகை தெரியும். அதன் நடுவில் உள்ள துளையில் விரலைக் கொடுத்து நேராக மேலே தூக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஊதி இறுகியிருக்கும். நெம்பினால் விளிம்பு பிளக்கும், பங்குனி வரை பொறுத்திருப்பது மேல்.

ரீடுகள் தனித்தனிப் பித்தளைச் சட்டத்தில் அமர்ந்து, ஒவ்வொன்றும் பலகையின் காடியில் செருகப்பட்டிருந்தால் இங்கிலாந்து வேலை. ஒரே நீளத் தகட்டில் பல ரீடுகள் வரிசையாக இருந்தால் ஜெர்மன். நம்மூர் ஆர்மோனிய ரீடைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் ஒரே பார்வையில் புலப்படும். அடுத்து, பட்டனை அமுக்கினால் காற்றுத் துளையைத் திறக்கும் நெம்புகோல்கள். தண்டு வளைந்த கம்பியில் தொங்கினால் மலிவு ரகம், பெரும்பாலும் லாஷனால். ரிவெட் அடித்து அசைந்தால் உயர்ந்த ரகம்.

தயாரிப்பு வரிசை எண் இடது மூடியின் சிறு ஜன்னலிலோ, ரீடு பலகையிலோ, துருத்திச் சட்டத்திலோ இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே எண்தானா என்று பாருங்கள்; மாறினால் இரண்டு பெட்டிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். எண்ணை மட்டும் வைத்து ஆண்டு சொல்பவரை நம்பாதீர்கள். லாஷனால் நிறுவனம் இங்கிலீஷ் வகைக்கு ஒரு வரிசை, ஆங்கிலோவுக்கு வேறு வரிசை என எண்ணிட்டது. வீட்ஸ்டன் என்றால் வேலை எளிது. அவர்களின் கணக்குப் பேரேடுகள் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் உள்ளன, இணையத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். வீட்ஸ்டன் பெயர்ச் சீட்டில் 20, கான்ட்யூட் தெரு என்ற முகவரி இருந்தால் ஏறத்தாழ 1905-க்கு முந்தியது. 'மேட் இன் ஜெர்மனி' என்று முத்திரை இருந்தால் அனேகமாக 1887-க்குப் பிந்தியது, அயல்நாட்டுச் சரக்கில் செய்த நாட்டைக் குறிக்க வைத்த பிரிட்டிஷ் வணிகச் சட்டம் அந்த ஆண்டில்தான் வந்தது.

பட்டறைக்குக் கொண்டுபோகும்முன் ஒரு வார்த்தை. சுருதி சேர்ப்பவர் வழக்கப்படி ரீடை ராவி இன்றைய பொதுச் சுருதியான 440-க்கு (நொடிக்கு அத்தனை அதிர்வு) இறக்கிவிடுவார். பழைய லண்டன் பெட்டிகள் 452 வாக்கில் இருக்கும். அந்த உயர்ந்த சுருதியே வயதுக்கு ஒரு சாட்சி. ராவிய பின் அது திரும்பாது. முதலில் போனில் சுருதி அளக்கும் ட்யூனர் செயலியில் ஒவ்வொரு பட்டனையும் அளந்து எழுதிவிடுங்கள். ரீடை வெறும் விரலால் தொடாதீர்கள், நம்மூர் வியர்வைக்கு எஃகு ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். பித்தளைச் சட்டத்துக்குப் பாலிஷும் வேண்டாம், பொறித்த எழுத்து மழுங்கும்.

கேட்ட வாசகர் மூடிப் படத்தோடு நிறுத்தாமல் ரீடு பலகை, நெம்புகோல், எண் ஆகிய மூன்றின் படங்களையும் அனுப்பினால், அவற்றையும் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆர்மோனியம், சுருதிப்பெட்டி பழுதுபார்ப்போர் சிலர்,
சென்னை-4