கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கே நானும் உன் ஆத்தாவும் சுகம். உன் காருக்கு அடியில் எண்ணெய் ஒழுகுகிறது என்று நீ நேற்றுப் போனில் சொன்னதிலிருந்து என் நினைப்பெல்லாம் அந்த மெல்பர்ன் காரின் அடியிலேயே கிடக்கிறது. போனில் பேசினால் பாதி காற்றில் போய்விடும். எழுதினால் கையில் வைத்துக்கொண்டு காரின் பக்கத்தில் நின்று படிக்கலாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

பின்பக்க ஆயில் சீல், அதாவது எஞ்சினின் கிராங்க் தண்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளியே வருகிற இடத்தில் எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் வளையம், போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்களாம். இருக்கலாம். ஆனால் அதற்குச் சரி என்று சொல்லிவிடாதே, இதைப் படிக்கிறவரை பொறு. ஏனென்றால் போன தை மாதம் நம்ம மாருதிக்கும் இதே பேச்சைத்தான் கேட்டேன்.

உன்னிடம் இதைச் சொல்லவே இல்லை. ஒருநாள் காலையில் பின்கட்டுச் செட்டில் காரைத் துடைத்துவிட்டு, வெறுங்காலோடு வீட்டுக்குள் வந்தேன். ஆத்தா பதறிப்போய்க் கூப்பிட்டாள். பார்த்தால் வளவில் ஆத்தங்குடிக் கல்மேல் என் குதிகால் கறுப்பாக நாலு இடத்தில் பதிந்திருக்கிறது. அந்தக் கல்லைப் பற்றி உனக்குத் தெரியும். கண்ணாடிமேல் சாயத்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டுக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளையில் சுட்ட கல் இல்லை. எண்ணெய் பட்டால் குடித்துவிடும். தேங்காயெண்ணெய் குடித்தால் பளபளப்பு ஏறும், பழைய எஞ்சின் ஆயில் குடித்தால் கறைதான். உமி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மூன்று போய்விட்டது. தூணோரம் ஒன்று இன்னும் மங்கலாக இருக்கிறது. வந்தால் காட்டுகிறேன்.

செட்டுக்குத் திரும்பிப் போய்க் குனிந்து பார்த்தேன். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்துக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு பொட்டு. விரலில் தொட்டு மூக்கில் வைத்தேன், எஞ்சின் ஆயில்தான். பங்குனி பிறக்கும்போது அந்தப் பொட்டு சின்னத் தட்டு அளவுக்கு வந்துவிட்டது. ஒர்க்ஷாப்பில் ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்த பையன், ஈரம் இருந்த இடத்தில் விரலை வைத்து, "கிராங்க் பின்பக்க சீல் ஐயா, கியர்பாக்ஸ் இறக்கணும்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. ஈரம் அங்கேதான் இருந்தது.

ஆனால் முப்பது வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவன் நான். எத்தனையோ பேர் பின் சீல் வாங்கிக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்து டேப்பெட் கவர் பேக்கிங், அதாவது எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் போடுகிற ரப்பர், கேட்டு வந்திருக்கிறார்கள். கியர்பாக்ஸ் இறக்கின கூலி போனது போனதுதான்.

நம்ம வீட்டு ஓட்டுக்கூரையை நினைத்துக்கொள் அம்மா. ஐப்பசி மழையில் இரண்டாம் கட்டில் சொட்டும், நீங்களெல்லாம் குண்டான் கொண்டுபோய் வைப்பீர்கள். உன் ஐயா, அதாவது என் அப்பா, கொத்தனாரைக் கூப்பிட்டால், சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டைப் பிரிக்க விடமாட்டார். கைமரத்தோடு ஈரம் எதுவரை ஏறிப்போகிறது என்று பார்க்கச் சொல்வார். பத்தடி தள்ளி ஓர் ஓடு விரிசல் விட்டிருக்கும். தண்ணீர் மரத்தைப் பிடித்துக்கொண்டே ஓடி, எங்கே வழியில்லையோ அங்கே விழும். எஞ்சினில் எண்ணெயும் அப்படித்தான். மேலே ஒழுகும், உலோகத்தின்மேல் வழியும், கார் ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், கடைசியில் கியர்பாக்ஸ் சேருகிற மூலையில் வந்து சொட்டும். அதனால் சொட்டு விழுகிற இடத்தை விட்டுவிடு. ஈரம் இருக்கிற இடங்களிலேயே உயரமான இடம் எது? அதைத் தேடு.

அழுக்கு எஞ்சினில் தேடிப் பிரயோசனமில்லை. எல்லாமே கறுப்பாக இருக்கும்போது புது ஈரம் எது, பழைய ஈரம் எது? நான் ஒரு சாயங்காலம், எஞ்சின் நன்றாக ஆறினபிறகு, மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷும் வைத்துக் கழுவினேன். பனியன் வேஸ்ட் மட்டும் ஒரு கிலோ ஆயிற்று. ராத்திரி முழுக்கக் காயவிட்டுக் காலையில்தான் ஸ்டார்ட் செய்தேன். நீ மண்ணெண்ணெய் பக்கமே போகாதே. அங்கே எஞ்சின் துடைக்கும் ஸ்ப்ரே விற்கும், அதை வாங்கு. வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுகிற மெஷின் வேண்டாம். ஆல்டர்னேட்டரிலும் ஒயர் கனெக்டரிலும் தண்ணீர் போனால் வேறு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் எனக்கு டேப்பெட் கவர் பேக்கிங் மேல்தான் சந்தேகம். கழற்றினால், மோர்மிளகாய் வற்றல் மாதிரி மொடமொடவென்று ஒடிந்து கையோடு வந்தது. புதுசு போட்டேன். கவர் போல்ட்டுகளை ரொம்ப இறுக்கக் கூடாது, தகடு வளைந்து இன்னும் அதிகமாக ஒழுகும். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் முடுக்க வேண்டும். பசையை அப்பி வைக்கிற வேலையும் ஆகாது. உள்பக்கம் பிதுங்குகிற பசை உதிர்ந்து எண்ணெயில் விழுந்தால், எஞ்சின் அடியில் எண்ணெய் தங்குகிற சம்ப்பில் இருக்கிற சல்லடையை அடைக்கும். அப்புறம் பம்ப்புக்கு எண்ணெய் ஏறாது.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மறுபடியும் பொட்டு.

அன்றைக்கு எனக்கு நிஜமாகவே மனசு விட்டுப்போயிற்று. செட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தே இருந்தேன். ஆத்தாதான் டீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ரவிக்கையில் நூல் பிரிந்த இடம் தெரியவில்லை என்றால் சாக்பீஸ் தேய்த்துப் பார்ப்போமே" என்றாள். அவள் சொன்னதும் கடைக்கு வந்துபோன ஒரு பழைய மெக்கானிக் நினைவுக்கு வந்தார். முகத்துக்குப் போடுகிற பவுடரைத்தான் அவர் எஞ்சினுக்கும் போடுவார். மறுபடி துடைத்துக் காயவைத்து, டேப்பெட் கவர் ஓரம், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் அடி, ஆயில் பிரஷர் சுவிட்ச், பில்டர் சேருகிற இடம், கியர்பாக்ஸ் மூலை என்று எல்லா இணைப்பிலும் மெல்லிசாகப் பவுடரைத் தூவினேன். குன்றக்குடி வரைக்கும் ஓட்டிப்போய், மலையடிவாரத்தில் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். செட்டில் வைத்து பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்தேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் அடியிலிருந்து ஒரே ஒரு கோடு. கண்மை தீட்டின மாதிரி, தலைமுடி அளவு ஆரம்பித்து, வெள்ளைப் பவுடரில் வளைந்து இறங்கி, ஒரு போல்ட்டைச் சுற்றி, நேரே கியர்பாக்ஸ் மூலைக்குப் போயிருக்கிறது. மற்ற இடமெல்லாம் அப்படியே வெள்ளை. பின் சீல் இருக்கிற பக்கத்தில் கீழிருந்து வந்த ஈரம் ஒரு துளி இல்லை. ஆத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நம்ம காரின் 796 சிசி எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர், வால்வுகளைத் திறக்கிற தண்டான கேம்ஷாப்ட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் உட்கார்ந்திருக்கிறது. அதன் கழுத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங். அங்கே ஒழுகினால் எண்ணெய் நேரே கீழே வந்து பின் சீல் போனது மாதிரியே காட்டும். பழைய நிலையில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டு கழற்றினேன், இல்லாவிட்டால் டைமிங், அதாவது பிளக் பொறி விடுகிற நேரம், மாறிப்போகும். உருண்டையாக இருக்க வேண்டிய ஓ-ரிங் தட்டையாகி, பிளாஸ்டிக் வளையல் மாதிரி கெட்டியாகியிருந்தது. அதன் விலை ஒரு சாப்பாட்டுக் காசுகூட இல்லை.

இன்னொன்று. ஓ-ரிங்கை மாற்றிவிட்டு, நல்லவேளையாக பிரீதர் ஹோஸையும் கழற்றிப் பார்த்தேன். உள்ளே வேப்பம்பிசின் மாதிரி அடைத்திருந்தது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கும், அது வெளியேறுகிற வழி அந்த ஹோஸ்தான். அதை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த பேக்கிங் பலவீனமோ அங்கே எண்ணெயைத் தள்ளும். புது ஓ-ரிங்கையும் சீக்கிரம் தள்ளியிருக்கும். அடைப்புக்குக் காரணம் நான்தான். சந்தைக்கும் கோயிலுக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிடுவேன். எஞ்சின் சரியாகச் சூடேறாவிட்டால் உள்ளே சேருகிற தண்ணீர்ப்பசை ஆவியாகாது, எண்ணெயோடு கலந்து கூழாகும். இப்போது வாரம் ஒருமுறை திருமயம் வரை ஓட்டிவிட்டு வருகிறேன். நீயும் ரயில் நிலையம் வரைக்கும்தானே எடுக்கிறாய்?

சரி, உன் காருக்கு வருகிறேன்.

முதலில் ஒழுகுவது எதுவென்று பார். ராத்திரி காருக்கு அடியில் வெள்ளை அட்டையை விரித்து, நாலு மூலையிலும் சக்கரம் எந்தப் பக்கம் என்று எழுதி வை. பழுப்பு அல்லது கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில். உன்னுடையது ஆட்டோமேட்டிக், அதன் கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பு, தொட்டால் வழவழக்கும். டொயோட்டாவில் கூலண்ட்டும் சிவப்பு அல்லது இளஞ்சிவப்புதான், ஆனால் அது தண்ணீராக இருக்கும். நிறமில்லாத தண்ணீர் என்றால் ஏசி, கவலை வேண்டாம்.

ஆயில் ஸ்டிக்கைச் சமதரையில், எஞ்சின் நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்துப் பார். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 1 லிட்டர். தேதி, கிலோமீட்டர், அளவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வை. உன் ஐயா பர்மாவில் மோல்மீனிலிருந்து கொண்டுவந்த பேரேடு இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது, தம்படிக்குக்கூடக் கணக்கு உண்டு. உனக்கும் அந்தக் கை இருக்கிறது. அட்டையில் நாலு சொட்டுதான், ஆனால் ஸ்டிக்கில் வேகமாக இறங்குகிறது என்றால் எஞ்சின் எண்ணெயை எரிக்கிறது. அது வேறு நோய். அதற்கு எந்த சீலும் மருந்தில்லை.

பிறகு மேலிருந்து பார். டேப்பெட் கவர் ஓரம். பிளக்குக்கு மேலே இருக்கிற காயிலைத் தூக்கி பிளக் குழிக்குள் டார்ச் அடி, எண்ணெய் நின்றால் கவர் பேக்கிங் போயிருக்கிறது. 2004 கொரோலா என்றாய். அந்த எஞ்சினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனருக்கு ஓர் ஓ-ரிங் உண்டு. செயின் இருக்கிற முனையில், இரண்டு நட்டில் நிற்கிற சின்ன சாமான். அங்கே ஒழுகுவது இந்த எஞ்சினில் சகஜம். ஆயில் பிரஷர் சுவிட்சையும் பார், நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் வழியாகக் கசியும். கடைசியாக ஆயில் மாற்றின நாளிலிருந்து ஒழுகுகிறதா என்று யோசி. அப்படியென்றால் பில்டரும் டிரெயின் போல்ட் வாஷரும்தான் முதல் குற்றவாளி.

இவ்வளவும் உலர்ந்திருந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற அடியில் மட்டும் ஈரம் என்றால், அப்போது அவர்கள் சொன்னது சரி. யோசிக்காமல் இறக்கச் சொல். ஒழுகலை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்பதை ஊற்றாதே. கெட்டி எண்ணெய்க்கும் மாறாதே, உன் ஊர்க் குளிரில் காலையில் அது மேலே ஏற நேரம் எடுக்கும்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மேலிருந்து பார்க்க முடிகிறதை மட்டும் பார், அடியில் பார்க்க வேண்டியதை லிப்ட் இருக்கிற இடத்தில் பார்க்கட்டும். எஞ்சின் ஓடும்போது துப்பட்டாவும் பின்னலும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. சூடான சைலன்ஸர் குழாயில் எண்ணெய் பட்டுப் புகை வாசம் வந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்காதே, பஸ்ஸில் போ.

ஒர்க்ஷாப்புக்குப் போகும்போது சண்டைபோட வேண்டாம். "துடைத்துப் பவுடர் போட்டுப் பார்த்தேன், இங்கிருந்து ஆரம்பிக்கிறது" என்று போனில் எடுத்த படத்தைக் காட்டு. எண்ணெயில் சாயம் கலந்து நீல விளக்கு அடித்துப் பார்க்கிற வசதி அங்கே இருக்கும், அதையும் கேள்.

ஆத்தா சீப்புச்சீடையும் தேன்குழலும் டப்பாவில் கட்டிவிட்டாள், பெரியவீட்டுப் பையன் அடுத்த வாரம் வரும்போது கொண்டுவருவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டையை வெளியே எடுத்ததும் வெயிலில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. இங்கே அப்போது விடிந்திருக்காது. பரவாயில்லை, நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பச்சி