மாத்திரை டப்பாவைப் பார்

அன்புள்ள கீதா,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் டி.எஸ்.எச். அதலபாதாளத்தில், தைராய்டு சுரக்கும் ஹார்மோன் ஃப்ரீ டி4 உச்சத்தில். தாளை மட்டும் பார்த்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் உன் மகளுக்குப் படபடப்பு இல்லை, எடை இறங்கவில்லை, கை நடுங்கவில்லை என்கிறாயே! முடி கொட்டுகிறதென்று பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை ஏதாவது போடுகிறாளா, கேள்.

ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம். அந்த மாத்திரைகளில் 5, 10 மில்லிகிராம் இருக்கும். மிச்சம் சிறுநீரில் போய்விடும், கெடுவது பரிசோதனைதான். பல லேப்களில், ஹார்மோனைப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு பயோட்டினை ஒட்டி, பயோட்டினை இறுகப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய நுண்மணிகளால் பிடித்து அளக்கிறார்கள். ரத்தத்தில் வரும் பயோட்டின் முந்திக்கொண்டு அந்த இடங்களை அடைத்தால் சிக்னல் விழும். டி.எஸ்.எச். அளக்கும் முறையில் சிக்னல் விழுந்தால் ‘குறைவு’ என்று அர்த்தம். ஃப்ரீ டி4 முறையில் தலைகீழாக ‘அதிகம்’. இரண்டு பொய்யும் சேர்ந்து, தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயை அப்படியே ஜோடித்துவிடும். 2017-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதுபற்றி எச்சரித்தது. மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து காட்டிய ஒருவர் இறந்ததும் அதில் இருந்தது.

எனக்கு இந்த வாரம் வகுப்பிலும் பயோட்டின்தான். நம் காலத்தில் ‘ஊசலாடும் கை’ என்று ஒரு படம் போட்டு முடித்துவிட்டார்கள், ஞாபகமிருக்கிறதா? நொதியின் லைசின் என்ற அமினோ அமிலத்தில் கோத்த பயோட்டின், நொதியின் ஒரு மையத்தில் கார்பாக்சில் தொகுதியை ஏற்றிக்கொண்டு இன்னொரு மையத்தில் இறக்கும் என்று. அந்தக் கை 15 ஆங்ஸ்ட்ராம் சொச்சம் (ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). 2010-இல் புரோப்பியோனில் கோ-ஏ கார்பாக்சிலேஸ் என்ற அப்படியொரு நொதியின் கட்டமைப்பு வெளியானபோது, இரண்டு மையங்களுக்கும் நடுவே சுமார் 55 ஆங்ஸ்ட்ராம்! கை எப்படி எட்டும்? பயோட்டினைச் சுமக்கும் புரதப் பகுதியே போய்வர வேண்டும். பாடப்புத்தகங்கள் இன்னும் பழைய படத்தையே போடுவது எனக்கு எரிச்சல்.

மாலையில் ஒரு லேபுக்கும் போகிறேன். வளர்த்தி போதாத குழந்தைகளுக்கு ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சி ஹார்மோனைப் பார்க்கிறோம். அது ரத்தத்தில் தனியாகத் திரிவது ஒரு சதவீதம்கூட இல்லை. பெரும்பகுதி ஐ.ஜி.எஃப்.பி.பி-3 என்ற புரதத்தின் பிடியில், மூன்றாவதாக ஒரு புரதமும் சேர்ந்து கூட்டாக இருக்கும். தனியாக விட்டால் சில நிமிடங்களில் மறைந்துவிடும். கூட்டில் இருந்தால் பல மணி நேரம் தாங்கும். குழந்தைக்கு நல்லது, அளப்பவனுக்குத் தலைவலி. அமிலம் விட்டுப் பிரித்தாலும் அமிலத்தைச் சமன்செய்ததும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் அதன் சாயலில் இருக்கும் ஐ.ஜி.எஃப்-2-வை வேண்டுமென்றே அள்ளிக் கொட்டிப் பிடிக்கும் இடங்களை எல்லாம் அடைத்துவிடுகிறோம். உன் மகள் விஷயத்தில் சோதனையைக் கெடுத்திருக்கலாம் என்று நான் சந்தேகப்படும், இடத்தை அடைக்கும் அதே வேலை, இங்கே சோதனையைக் காப்பாற்றுகிறது. நினைத்தால் சிரிப்பு வருகிறது.

டாக்டரிடம் மாத்திரையைச் சொல்லாமல் சிகிச்சை எதுவும் தொடங்க விடாதே. அவரைக் கேட்டு இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்கட்டும். டப்பாவின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. ‘மல்டிவைட்டமின்’ என்று போட்டிருந்தாலும் பொடி எழுத்தில் பயோட்டின் அளவு இருக்கும்.

அன்புடன்,
வசந்தி