பாப்பாவுக்கு, ஏற்காட்டிலிருந்து

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் நலம். அம்மாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. பூ மழை இந்தத் தடவை நேரத்துக்குப் பெய்ததால் காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாக நிற்கிறது. மற்ற சேதி அப்புறம்.

கார்கிவில் உனக்குத் தெரிந்த, உக்ரைன் போரில் இறந்துபோன அந்தப் பையனின் படத்தை அவன் பல்கலைக்கழகத்தில் மாட்டிவிட்டார்கள் என்று ஒரே ஒரு வரி அனுப்பினாய். அதோடு சரி. போனை எடுத்தாலும் "ம்", "சரிப்பா" தவிர வேறு பேச்சில்லை. போர் தொடங்கியதும் நீங்கள் கார்கிவை விட்டுப் பக்கத்துப் பிசோச்சினுக்கு நடந்த அன்று ஊர் எல்லை வரை உன் பையைத் தூக்கி வந்தவன் என்று அம்மா அவனுக்காக விளக்கேற்றினாள். நீ அன்றைக்குப் போட்டிருந்த ஷூ அடி பிய்ந்து பரணில் கிடக்கிறது. தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறாள்.

நீ பேசாததால் நானே அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். காலமெல்லாம் வகுப்பில் முதல் உலகப் போரை நடத்தியவன். நம் தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் ஒரு கல் உண்டு. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று வெட்டியிருக்கும். பெயர் கிடையாது. பெற்றவள் அதில் எதைத் தடவிப் பார்ப்பாள்?

பல்கலைக்கழகங்கள் பெயரை எழுதின. ஆனால் யார் பெயரை எழுதின என்று பார்க்கவேண்டும். ஹார்வர்டில் மெமோரியல் ஹால் சுவரில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குக்காக உயிர்விட்ட 136 பேரின் பெயர் இருக்கிறது. தெற்குக்காகப் போய் இறந்த மாணவர்களின் பெயர் அங்கே இல்லை. அடிமைமுறையைக் காக்கப் போனவர்களுக்குக் கல்வெட்டு எதற்கு என்பதும் நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆக்ஸ்போர்டு நியூ காலேஜ் வேறு மாதிரி செய்தது. தங்களிடம் படித்துவிட்டு ஊர் திரும்பி, ஜெர்மனிக்காகச் சண்டையிட்டு இறந்த மூன்று பேருக்கு 1930-இல் கல்லூரித் தேவாலயத்திலேயே தனியாக ஒரு கல் வைத்தார்கள். முதல் உலகப் போர் முடிந்து 12 வருடம் ஆகியிருந்தது. அவ்வளவு காலம் பிடித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஜெர்மன்காரன் குண்டுக்கு நண்பனைப் பறிகொடுத்தவர்களும் அங்கேதானே வந்து மண்டியிட்டிருப்பார்கள்?

இதையெல்லாம் விட எனக்கு மனசில் நிற்பது உக்ரைன் மாணவர்கள் 2023-இல் செய்ததுதான். சிலை இல்லை, பீரங்கி இல்லை. போரில் போன 36 மாணவர்களுக்கு, அவர்கள் வாங்கியிருக்க வேண்டிய சான்றிதழ் மாதிரியே ஆளுக்கொரு தாள். அதில் படம், பெயர், அவர்களுடைய கதை. 'வழங்கப்படாத பட்டங்கள்' என்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வைத்தார்கள். சண்டைக்குப் போய் இறந்தவர்களும் அதில் உண்டு, ஆயுதமே தொடாதவர்களும் உண்டு. இறந்தவனை வீரன் என்று சொல்ல அரசாங்கம் இருக்கிறது. அவன் எந்த வருடம், என்ன பாடம் படித்துக்கொண்டிருந்தான் என்று சொல்லப் பல்கலைக்கழகத்தை விட்டால் யார் இருக்கிறார்கள், பாப்பா?

உங்களோடு கார்கிவில் இருந்த கர்நாடகத்து ஹாவேரிப் பையன் நவீனும் ஆயுதம் தொடாதவன்தான். 2022 மார்ச் 1, சாப்பாட்டுச் சாமான் வாங்க வரிசையில் நின்றபோது குண்டு விழுந்து இறந்தான். மறுநாள்தான் நம் தூதரகத்தில் உங்களையெல்லாம் நடந்தாவது கிளம்புங்கள் என்றார்கள். 21-ஆம் தேதி உடல் வந்து சேர்ந்தது. மகன் டாக்டருக்குப் படித்தான் என்று அந்தத் தாய் தகப்பன் உடலைத் தாவணகெரே மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார்கள். அந்த மனசு எனக்கு வராது. கார்கிவில் இறந்த மாணவர்களுக்கு எங்கே கல் வைத்தாலும் அவன் பெயர் அதில் இருக்கவேண்டும். வெளிநாட்டுப் பிள்ளை, சிப்பாய் இல்லை என்று தள்ளிவிடக் கூடாது.

நீ வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, படிப்பை விடமாட்டேன் என்று ஜார்ஜியா நாட்டுத் திபிலீசிக்குக் கிளம்பினாய். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் தடுத்தார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் எதையும் முடிவு செய்தபிறகுதான் வீட்டில் சொல்வது என்ற பழக்கம் நல்லதில்லை, கண்ணு. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி முழுக்கக் கண் விழிக்காதே.

போன வாரம் மருந்து வாங்கச் சேலம் இறங்கினேன். செவ்வாய்ப்பேட்டை அக்காவைப் பார்த்தேன். போலந்திலிருந்து கார்கிவுக்குப் பஸ் போகிறதாமே, அவர் பிள்ளையும் நீயும் பேசிக்கொண்டீர்களாமே என்று பேச்சுவாக்கில் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். மலை ஏறி வீடு வரும்வரை வேறு நினைப்பில்லை. நீ திபிலீசியில் படித்தாலும் பட்டம் கார்கிவ் பல்கலைக்கழகம்தான் தரவேண்டும், அது தெரியும். தபாலில் வரட்டும். ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

பட்டத்துக்காக இல்லை, அந்தப் பையனுக்காகப் போக நினைக்கிறாய் என்றால், அவன் அம்மாவுக்கு நாம் எழுதுவோம். நான் தமிழில் எழுதித் தருகிறேன், நீ அவர்கள் பாஷையில் மாற்று. பையைத் தூக்கி வந்ததை விடாமல் எழுதுவோம். அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருக்குமோ என்னவோ. அதற்கு நீ பஸ் ஏற வேண்டியதில்லை.

பஸ் பேச்சு எதுவும் அம்மா காதுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்யும்போது நீயே அவளிடம் சொல். நான் பக்கத்தில் இருக்கிறேன்.

அப்பா